தலைவணங்கும் பையன்கள், தடுமாறும் பெரியவர்கள்

ஜப்பானின் பள்ளி பேஸ்பால் திருவிழா நூறாண்டைத் தாண்டிவிட்டது. அங்கே விளையாட்டு அறம் யாருக்குப் பாடம், யாருக்குப் பரீட்சை?

1992 ஆகஸ்ட் 16. ஜப்பானின் நிஷினோமியா நகரில் உள்ள கோஷியென் மைதானத்தில் 55,000 பேர். கடைசி இன்னிங்ஸ், ஆட்டம் முடிய ஒரே ஒரு அவுட் பாக்கி. இஷிகாவா மாகாணத்தின் செய்ரியோ பள்ளி 2-3 எனப் பின்தங்கி நிற்கிறது. மூன்றாவது பேஸில் ஓடத் தயாராக ஒரு பையன். மட்டையோடு வருகிறார் ஹிதேகி மட்சுயி. வயது 18. ஊர் வைத்த பட்டப்பெயர் ‘காட்ஸில்லா’. ஒரே அடியில் ஆட்டத்தைப் புரட்டிப் போடக்கூடியவர்.

எதிரில் கோச்சி மாகாணத்தின் மெய்தோகு கிஜுகு பள்ளி. அதன் பந்துவீச்சாளர் மட்சுயியின் மட்டைக்கு எட்டாத தூரத்தில் பந்தைப் போடுகிறார். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பேஸ்பாலில் எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால் மட்டைக்காரர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போய்விடலாம். ஆபத்தான ஆளை இப்படி வேண்டுமென்றே அனுப்பிவிட்டு, அடுத்தவரோடு மோதுவது விதிக்கு உட்பட்ட உத்தி. அன்று மட்சுயி ஐந்து முறை ஆட வந்தார். ஐந்து முறையும் இதே கதை. 20 பந்துகள் வந்தன. ஒன்றைக்கூட அவர் அடிக்க முயலவில்லை.

அரங்கம் கொதித்தது. மெகாபோன், பாட்டில், குப்பை என்று கையில் கிடைத்ததெல்லாம் மைதானத்தில் வந்து விழுந்தது. ஆட்டம் நின்றது. பெரியவர்கள் வீசியதைப் பையன்கள் ஓடிப்போய்ப் பொறுக்கினார்கள். அடுத்த மட்டைக்காரர் அவுட்டானதும் மெய்தோகு வென்றது. வென்ற பள்ளியின் கீதம் ஒலிபெருக்கியில் வந்தபோது, “ஊருக்குப் போ” என்ற கூச்சலில் அது காதில் விழவே இல்லை.

மட்சுயி முகத்தில் எதையும் காட்டவில்லை. ஒவ்வொரு முறையும் மட்டையை வைத்துவிட்டு முதல் பேஸை நோக்கி நடந்தார். பந்து வீசிய பையனும் தன் பயிற்சியாளர் சொன்னதை அப்படியே செய்தான். அந்த ஆட்டத்தில் நிதானம் தவறியவர்கள் எல்லாரும் வயது வந்தவர்கள்.

ஒரு தோல்வி, மூட்டை கட்டு

கோஷியெனின் கோடைப் போட்டியை 1915-ல் தொடங்கியது ஒசாகாவின் அசாஹி நாளிதழ். அப்போது 10 பள்ளிகள். 1924 ஆகஸ்ட் 1 அன்று ஹன்ஷின் ரயில் நிறுவனம் கட்டிய கோஷியென் மைதானம் திறக்கப்பட்டது. அன்றுமுதல் போட்டிக்கு அதுவே வீடு. 1918-ல் அரிசிக் கலவரத்தாலும், பிறகு போராலும், 2020-ல் கொரோனாவாலும் தடைபட்டதைத் தவிர, ஆகஸ்ட் வந்தால் ஜப்பான் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்துவிடும். வசந்த காலத்தில் மைனிச்சி நாளிதழின் போட்டி ஒன்றும் அதே மைதானத்தில் நடக்கிறது. ஆனால், ‘கோஷியென்’ என்றால் ஜனங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோடைதான்.

47 மாகாணங்களுக்குத் தலா ஓர் அணி. டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் மட்டும் தலா இரண்டு. மொத்தம் 49. இந்த 49 இடங்களுக்காகச் சுமார் 3,400 அணிகள் மாகாண அளவில் மோதுகின்றன. 2000களின் தொடக்கத்தில் இந்த எண்ணிக்கை 4,100-க்கும் மேல் இருந்தது; பிள்ளைகள் குறைந்ததில் இதுவும் குறைந்திருக்கிறது. மாகாணத்திலும் சரி, கோஷியெனிலும் சரி, ஒருமுறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டு மாணவனுக்கு அது பள்ளி பேஸ்பாலின் கடைசி நாள்.

இவ்வளவு கொடூரமான அமைப்பைச் சுற்றி மிக மென்மையான சடங்குகள் வளர்ந்திருக்கின்றன. சைரன் ஊத ஆட்டம் தொடங்கும். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இரு அணிகளும் எதிரெதிரே வரிசையில் நின்று தலைவணங்கும். வென்ற அணியின் பள்ளி கீதம் ஒலிக்கும்போது தோற்றவர்களும் வரிசை கலையாமல் நின்று கேட்பார்கள். பிறகு தோற்ற பையன்கள் மண்டியிட்டு மைதானத்தின் கரிய மண்ணைக் கையால் வாரி ஷூ பையில் நிரப்பிக்கொள்வார்கள்.

அந்த மண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1958-ல் ஒகினாவாவின் ஷூரி பள்ளி கோஷியெனுக்கு வந்தது. ஒகினாவா அப்போது அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. முதல் சுற்றிலேயே தோற்ற பையன்கள் மண்ணோடு கப்பலேறி ஊர் திரும்பினால், நாஹா துறைமுகத்தில் சிக்கல். வெளியிடத்து மண்ணுக்கு நோய்த்தடுப்பு விதியில் அனுமதி இல்லை. அத்தனையும் கடலில் கொட்டப்பட்டது. செய்தியைப் படித்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் கோஷியெனிலிருந்து கூழாங்கற்களைச் சேகரித்து ஒகினாவாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மண்ணுக்குத்தான் தடை, கல்லுக்கு இல்லையே! அந்தக் கற்கள் பதித்த நினைவுச் சின்னம் ஷூரி பள்ளி வளாகத்தில் நிற்கிறது. விதியை மீறாமலே மனிதத்தோடு நடக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கோஷியெனில் கிடையாது.

வணக்கம் சொல்லவும் வரிசையில் நிற்கவும் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள். கோஷியெனின் நூறு வருடத்தைப் புரட்டினால் சோதனையில் தோற்பது பெரும்பாலும் பயிற்சியாளர், பார்வையாளர், நிர்வாகி, பத்திரிகை என்று பெரியவர்களின் பக்கமே. இதைச் சொல்ல ஊர் ஊராகத் தேட வேண்டாம். மட்சுயி படித்த அந்த ஒரே பள்ளியின் கதை போதும்.

அம்பயர் கொடுத்த பந்து

1979 ஆகஸ்ட் 16. மட்சுயியின் ஆட்டத்துக்குச் சரியாக 13 வருடம் முன்பு. செய்ரியோவுக்கு எதிரே வாகயாமா மாகாணத்தின் மினோஷிமா பள்ளி. அந்த வசந்தத்தின் சாம்பியன். கோடையையும் வென்று, இரண்டு கோப்பைகளையும் ஒரே ஆண்டில் தூக்கிய ஒரே அரசுப் பள்ளி என்ற பெயர் அதற்குக் கிடைக்கவிருந்தது.

மாலை 4 மணி வாக்கில் தொடங்கிய ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் சமன். 12-வது இன்னிங்ஸில் செய்ரியோ முந்தியது. மினோஷிமா இரண்டு அவுட் ஆன பிறகு ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தது. 16-வது இன்னிங்ஸில் செய்ரியோ மறுபடி முந்தியது. மறுபடி இரண்டு அவுட். மினோஷிமா மட்டைக்காரர் அடித்த பந்து முதல் பேஸ் பக்கம் உயரே எழும்பியது. சாதாரணமாகப் பிடிக்கக்கூடிய பந்து. பிடித்தால் ஆட்டம் முடிந்தது. பிடிக்க ஓடிய பையன் கால் தடுக்கி விழுந்தான். பிழைத்துக்கொண்ட மட்டைக்காரர், பயிற்சியில்கூட ஹோம் ரன் அடித்தறியாதவர், அடுத்து பந்தை அரங்குக்குள் அனுப்பினார்.

அன்றைய விதிப்படி 18 இன்னிங்ஸ்தான் உச்சவரம்பு. அதிலும் முடிவில்லை என்றால் மறுநாள் புதிதாக ஒரு ஆட்டம். அந்த 18-வது இன்னிங்ஸில் மினோஷிமா 4-3 என வென்றது. 3 மணி 50 நிமிடம் ஓடிய ஆட்டம். மினோஷிமாவின் இஷிய் 257 பந்துகள் வீசியிருந்தார். செய்ரியோவின் கதாதா 208.

ஆட்டம் முடிந்து விளக்கொளியில் பையன்கள் கலைந்தபோது, தலைமை அம்பயர் மோட்டோஹாரு நகானோ தோற்ற அணியின் பந்துவீச்சாளரான கதாதாவைத் தேடிப்போய் ஆட்டத்தின் பந்தைக் கையில் கொடுத்தார். அம்பயர் கையேட்டில் இப்படி ஒரு கடமை இல்லை. வெற்றி பெற்றவனுக்குக் கோப்பை காத்திருக்கிறது, தோற்றவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று யோசித்த ஒரு பெரியவர் அன்று மைதானத்தில் இருந்தார். அவ்வளவுதான். இரண்டு அணியினரும் நரைத்த தலையோடு பின்னாளில் மறுபடி கூடி விளையாடினார்கள். கால் தடுக்கி விழுந்த அந்தப் பையன் உட்பட.

விதிப்படி சரி, வயிறு எரிகிறது

1979-ல் செய்ரியோவின் பயிற்சியாளராக இருந்த தோமோஷிகே யமாஷிதாதான் 1992-லும் பயிற்சியாளர். ஒன்றில் தன் பையன்கள் விழுந்து தோற்றார்கள்; மற்றொன்றில் தன் பையனுக்கு ஆடவே வாய்ப்பில்லை.

மெய்தோகு பயிற்சியாளர் ஷிரோ மபுச்சியின் கணக்கு புரியாததல்ல. தன் முதன்மைப் பந்துவீச்சாளர் காயத்தில். பந்து வீசியவர் வழக்கமாக வெளிக்களத்தில் நிற்பவர். எதிரில் நிற்பவரோ பள்ளி மட்டத்தைத் தாண்டிவிட்ட மட்டைக்காரர். பின்னாளில் அவர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடி 2009 உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனதைப் பார்த்தால் மபுச்சியின் மதிப்பீட்டில் பிசகில்லை. தன்னிடம் உள்ள பையன்களை அடுத்த சுற்றுக்கு அழைத்துப்போகும் பொறுப்பும் அவருக்கு உண்டு. விதியும் அவர் பக்கம்தான். இன்றைய விதியில் நான்கு பந்துகூட வீச வேண்டாம். பயிற்சியாளர் அம்பயரிடம் சொன்னாலே மட்டைக்காரர் நடந்துவிடலாம்.

பிறகு ஏன் ஒரு நாடே கொதித்தது? 1981-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியா கடைசிப் பந்தைத் தரையில் உருட்டிவிட்டபோது கிரிக்கெட் உலகம் கொதித்ததன் காரணம்தான். அதுவும் அன்றைய விதியில் இடமுள்ளதே. ஆனால், ஆட்டம் என்றால் மோதல். மோதலையே தவிர்த்துவிட்டு வாங்கும் வெற்றியைப் பார்க்கிறவன் மனசு ஒப்புக்கொள்வதில்லை. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பின் தலைவரே செய்தியாளர்களைக் கூட்டி, நேருக்கு நேர் ஆடியிருக்கலாம் என்ற தொனியில் பேசினார்.

என் தரப்பு வேறு. மபுச்சியின் முடிவை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். விமர்சனம் போக வேண்டிய முகவரி அவருடையது. போனது பையன்களுக்கு. மெய்தோகு தங்கிய விடுதிக்கு மிரட்டல் அழைப்புகள் வந்தன. போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியதாயிற்று. அடுத்த ஆட்டத்தில் அந்த அணி 0-8 எனச் சரணடைந்தது. மட்சுயிக்குப் பின்னால் ஆட வந்த பையனுக்கு, நாடு பார்க்க அவுட்டான பாரம். எதிரியை மதிக்கச் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் அதே கூட்டம், பள்ளிப் பிள்ளைகள்மீது பாட்டில் எறிந்தது.

மபுச்சி பத்தாண்டு கழித்து 2002-ல் மெய்தோகுவைக் கோடைச் சாம்பியனாக்கினார். 2018-ல் 100-வது போட்டி. தொடக்க நாளின் சம்பிரதாய முதல் பந்தை வீச மட்சுயியை அழைத்தார்கள். சீட்டுக் குலுக்கலில் முதல் ஆட்டமே செய்ரியோவுக்கு விழுந்திருந்தது. தன் பள்ளிப் பையன்கள் பார்க்க அவர் பந்து வீசினார்.

948 பந்துகள்

கூச்சல் போடும் பெரியவர்களைவிட ஆபத்தானவர்கள் கைதட்டும் பெரியவர்கள். 1998-ல் யோகோஹாமா பள்ளியின் தைசுகே மட்சுசாகா, பி.எல். ககுவென் அணியோடு 17 இன்னிங்ஸ், 250 பந்துகள். முந்தைய நாளும் முழு ஆட்டம் வீசியிருந்தார். மறுநாள் அரையிறுதியின் கடைசிக் கட்டத்தில் வந்து வீசினார். இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. நாடே நெகிழ்ந்தது. 2006 இறுதி ஆட்டம் 15 இன்னிங்ஸ் ஆடியும் 1-1. மறுநாள் மறு ஆட்டம். வாசேடா ஜிட்சுக்யோவின் யுகி சைதோ அந்தப் போட்டியில் மொத்தம் 948 பந்துகள் வீசிக் கோப்பை வாங்கினார். அதை ‘வீரம்’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. சைதோவின் தொழில்முறை வாழ்க்கை காயங்களோடு போராடியே முடிந்தது. அவரோடு மோதிய மசாஹிரோ தனகா அமெரிக்காவரை போய் ஜொலித்தார். யார் தோள் தாங்கும், யார் தோள் தாங்காது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் அதைப் பையன்களின் மனவலிமையிடம் விட்டுவிடக் கூடாது.

2013 வசந்தத்தில் சாய்பி பள்ளியின் 16 வயது தோமோஹிரோ அன்ராகு 772 பந்துகள் வீசியபோது அமெரிக்கப் பத்திரிகைகள் அதிர்ச்சியோடு எழுதின. ஜப்பானிலும் கேள்விகள் எழுந்தன. 2018 டிசம்பரில் நீகாட்டா மாகாணம், தன் அளவில் ஓர் ஆட்டத்துக்கு 100 பந்து என வரம்பு வைக்கப்போவதாக அறிவித்தது. தேசியக் கூட்டமைப்பு மறுபரிசீலனை செய்யச் சொன்னது.

அடுத்த கோடையில் இவாதே மாகாண இறுதி ஆட்டம். ஒஃபுனாதோ பள்ளியின் ரோகி சசாகி மணிக்கு 163 கி.மீ. வேகத்தில் வீசியவர். நான்கு நாளுக்கு முன் 12 இன்னிங்ஸில் 194 பந்துகள். முந்தைய நாள் அரையிறுதியில் 129. இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் யோஹெய் கொகுபோ அவரைக் களமிறக்கவே இல்லை. அணி 2-12 எனத் தோற்றது. கோஷியென் கனவு போனது. பள்ளிக்குத் திட்டித் தீர்க்கும் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. 32 வயது கொகுபோ ஒரு பையனின் கையைக் காப்பாற்ற ஊரின் கனவை விட்டுக்கொடுத்தார். 2022 ஏப்ரல் 10 அன்று, 20 வயது சசாகி தொழில்முறை லீகில் ஒரு மட்டைக்காரரைக்கூட பேஸுக்கு விடாமல் ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசினார். இதுபோலப் பலன் கிடைக்காமல் போயிருந்தாலும் கொகுபோ செய்தது சரிதான்.

இதற்கிடையே விதிகளும் நகர்ந்தன. ஒரு பந்துவீச்சாளருக்கு ஒரு வாரத்துக்கு 500 பந்துகள் என்ற வரம்பு வந்தது. ஆட்டம் இழுபறியானால் ஓட்டக்காரர்களை பேஸில் நிறுத்தித் தொடங்கும் டை-பிரேக் 2018-ல் 13-வது இன்னிங்ஸிலிருந்து, 2023-ல் 10-வதிலிருந்து. ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பின் 10 நிமிடக் குளிரூட்டும் இடைவேளை. 2024 முதல் சில நாட்களில் நடுப்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலை, மாலை ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸை ஏழாக்கலாமா என்றும் பேசுகிறார்கள். பழைய ரசிகர்கள் முணுமுணுக்கிறார்கள்.

ஒரே ஆண்டில் இரண்டு முகம்

மறுபடி செய்ரியோ. 2019 மார்ச் 28, வசந்தப் போட்டி. சிபா மாகாணத்தின் நராஷினோ பள்ளியிடம் 1-3 எனத் தோல்வி. இரண்டாவது பேஸில் நிற்கும் ஓட்டக்காரர், கேட்சரின் விரல் சைகையைப் பார்த்துத் தன் மட்டைக்காரருக்குக் கடத்துவது பள்ளி பேஸ்பாலில் தடைசெய்யப்பட்டது. நராஷினோ அதைச் செய்தது என்று செய்ரியோ பயிற்சியாளர் கசுனாரி ஹயாஷி ஆட்டத்தின் நடுவே முறையிட்டார். அப்படி எதுவும் இல்லை என்றார்கள் அம்பயர்கள். ஆட்டம் முடிந்ததும் ஹயாஷி எதிரணி அறைக்கே நேரில் போனார். அங்கேதான் எல்லை தாண்டினார். பள்ளி அவரைச் சில காலம் பொறுப்பிலிருந்து ஒதுக்கி வைத்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17. செய்ரியோ மறுபடி கோஷியெனில். எதிரே மறுபடி வாகயாமாக்காரர்கள், இந்த முறை சிபென் வாகயாமா பள்ளி. செய்ரியோவின் யசுனோபு ஒகுகவா அன்று எதிரணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். 1-1 என்ற சமனில் 11-வது இன்னிங்ஸில் அவர் காலில் தசைப்பிடிப்பு. எதிரணிக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. சிபென் வாகயாமாவின் தலைவர் ஃபுமியா குரோகாவா தசைப்பிடிப்புக்கான மாத்திரையை ஒகுகவாவுக்குக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட ஒகுகவா 14 இன்னிங்ஸ் முழுக்க வீசி 23 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். செய்ரியோ மூன்று ரன் ஹோம் ரன்னில் 4-1 என வென்றது. மாத்திரை கொடுத்த பையன் அழுதுகொண்டே ஊருக்குப் போனான்.

ஐந்து மாத இடைவெளியில் ஒரே பள்ளியின் ஆட்டங்களில் இரண்டு தோல்வியாளர்கள்: கோபத்தில் எதிரணி அறைக் கதவைத் தட்டிய ஒரு பெரியவர், கையில் இருந்த மருந்தைப் போட்டியாளனுக்குக் கொடுத்த ஒரு பையன். ஹயாஷி திரும்பி வந்து அந்தக் கோடையில் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். ரிசெய்ஷா பள்ளியிடம் 3-5 எனத் தோற்றார்கள்.

விடுதி அறையின் இருட்டு

மைதானத்தில் தெரியும் ஒழுங்கு, விடுதிக்குள்ளும் இருக்கிறதா? 2025 ஆகஸ்டில் இந்தக் கேள்வி நேரடியாக வந்து விழுந்தது. ஹிரோஷிமாவின் புகழ்பெற்ற கோர்யோ பள்ளி முதல் ஆட்டத்தை வென்றிருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் அதன் பேஸ்பால் விடுதியில் மூத்த மாணவர்கள் இளையவரைத் தாக்கிய விவகாரம் சமூக ஊடகங்களில் பரவியது. கூட்டமைப்பு மார்ச்சிலேயே எச்சரித்திருந்தது. ஆனால் வெளியில் சொல்லவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் பள்ளி போட்டியிலிருந்து விலகியது. வெளிச்சத்துக்கு வந்த பிறகே நடவடிக்கை என்றால், அதுவரை காத்தது யாரை?

மூத்தவன் சொன்னால் இளையவன் கேட்க வேண்டும், தலையை மொட்டையடிக்க வேண்டும், வலித்தாலும் வாய் திறக்கக் கூடாது என்ற பழைய பள்ளி பேஸ்பாலுக்கு மாற்று இல்லாமல் இல்லை. 2023-ல் கெய்யோ பள்ளி 107 ஆண்டுகளுக்குப் பின் கோடைக் கோப்பையை வென்றது. பையன்கள் தலைமுடியோடு வந்தார்கள், சிரித்துக்கொண்டே ஆடினார்கள். பயிற்சியாளர் தகாஹிகோ மொரிபயாஷி ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர். பையன்கள் அவரை ‘கந்தோகு’ என்ற பதவிப் பெயரால் அழைக்காமல் ‘மொரிபயாஷி-சான்’ என்றே கூப்பிடுவார்கள். கண்டிப்பு குறைந்தால் வெற்றி கிடைக்காது என்றவர்களின் வாயை அந்த 8-2 இறுதி ஆட்டம் கொஞ்ச நாளாவது அடைத்தது.

விளையாட்டு அறம் பயிற்சியாளரின் உபதேசத்தால் வருவதில்லை. பெரியவர்கள் நெருக்கடியில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே பிள்ளைகள் அதைக் கற்கிறார்கள்; நல்லதையும் அப்படித்தான், கெட்டதையும் அப்படித்தான். 1979-ல் 208 பந்துகள் வீசித் தோற்று, அம்பயர் கையால் ஒரு பந்தை வாங்கிக்கொண்டு போன கதாதா, பின்னாளில் தானே அம்பயர் ஆனார். கோஷியெனில் நின்று பள்ளிப் பையன்களின் ஆட்டங்களுக்குத் தீர்ப்பு சொன்னார். செய்ரியோவின் அலமாரியில் கோடைக் கோப்பை இல்லை. ஆனால், ஒரு பெரியவர் சரியாக நடந்துகொண்டால் அதன் பலன் எத்தனை வருடம் ஓடும் என்பதற்கான கணக்கு அந்தப் பள்ளியிடம்தான் இருக்கிறது.